பாலைவனப் பால்செடி (ஆஸ்க்ளெபியாஸ் சுபுலேட்டா): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன செடி? எங்கே வளர்கிறது?

அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் நடுவே விரிந்துகிடக்கும் சோனோரன் பாலைவனத்துச் செடி. அரிசோனா, தென்கிழக்குக் கலிஃபோர்னியா, தெற்கு நெவாடா, மெக்சிகோவின் சோனோரா மாநிலம், பாஹா கலிஃபோர்னியா தீபகற்பம் ஆகிய இடங்களில் இயல்பாக வளர்கிறது. பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குக் கீழேதான். மழை பெய்த அன்று மட்டும் தண்ணீர் ஓடும் மணல் ஓடைகளும் அவற்றின் சரளைக் கரைகளும் இதற்குப் பிடித்த இடம்.

பெரிய மரமில்லை, கொடியும் இல்லை. அடியிலிருந்து பல தண்டுகள் நேராக எழும் புதர். பென்சிலை விட மெலிந்த, சாம்பல் பூத்த பச்சைத் தண்டுகள். சாதாரணமாக 1 முதல் 1.2 மீட்டர் உயரம். நல்ல இடம் கிடைத்தால் ஒன்றரை மீட்டர் வரை போகும். தண்டைக் கிள்ளினால் வெள்ளைவெளேர் என்று பால் வடியும்.

ஜோசஃப் டெக்கேன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1844இல் இதற்குப் பெயரிட்டார். செருப்புத் தைப்பவர் தோலில் துளை போடும் குத்தூசிக்கு லத்தீனில் ‘சுபுலா’ என்று பெயர். குத்தூசி போல ஒல்லியாக இருப்பதால் சுபுலேட்டா. ‘ஆஸ்க்ளெபியாஸ்’ கிரேக்கர்களின் மருத்துவக் கடவுள் அஸ்க்ளெபியஸின் பெயரிலிருந்து வந்தது. மெக்சிகோ எல்லைப்பக்கம் இதை ஹுமெத்தே, அஹமெத்தே என்றெல்லாம் சொல்வார்கள்.

செடி முழுக்க வெறும் குச்சியாக நிற்கிறது. பட்டுப்போய்விட்டதா?

இந்தச் செடியைப் பற்றி அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் இல்லை என்பதே பதில். இலையில்லாமல் இருப்பதுதான் இதன் இயல்பு.

சாதாரணச் செடியில் இலை செய்யும் வேலையை இங்கே தண்டு செய்கிறது. பச்சையம் தண்டில் இருக்கிறது, காற்று புகும் நுண்துளைகளும் தண்டில் இருக்கின்றன, சூரிய ஒளியில் உணவு தயாராவதும் அங்கேதான். இலை பரப்பு மிகுந்த உறுப்பு. வெயிலில் 45 டிகிரி போகும் ஊரில் அவ்வளவு பரப்பை விரித்துவைத்தால் வேர் கொண்டுவரும் நீரெல்லாம் ஆவியாகிவிடும். நேராக நிற்கும் உருளைத் தண்டின் மேல் உச்சிவெயில் நேராக விழாது. காலையிலும் மாலையிலும், சூடு குறைந்த நேரத்தில்தான் ஒளி பக்கவாட்டில் முழுதாகப் படும். போதாததற்குத் தண்டின் மேல் மெழுகுப் பூச்சு. விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சாம்பல் நிறம் போய் அடியில் பச்சை தெரியும்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க நகத்தால் தண்டை லேசாகக் கீறுங்கள். பச்சையும் பாலும் தெரிந்தால் செடி நலம். பழுப்பாகி, ஒடித்தால் சட்டென்று முறிந்தால் அந்தத் தண்டு மட்டும் முடிந்தது. நுனி காய்ந்திருந்தால் கீழே இறங்கி இன்னும் இரண்டு இடங்களில் கீறிப் பாருங்கள். எல்லாத் தண்டும் காய்ந்திருந்தாலும் உடனே பிடுங்க வேண்டாம். வேர்க்கட்டை உயிரோடு இருந்தால் வெப்பம் வந்ததும் அடியிலிருந்து துளிர்க்கும்.

கேடு விளைவது இந்த இடத்தில்தான். இலை இல்லையே, தண்ணீர் போதவில்லையோ என்று நினைத்துத் தினமும் ஊற்றுகிறார்கள். மூன்றாவது வாரம் வேர் அழுகி, நன்றாக இருந்த செடி உண்மையிலேயே போய்விடுகிறது.

இலையே வராதா?

வரும். மழைக்குப் பிறகு இளம் தண்டுகளில், எதிரெதிராக, நூல் போன்ற இலைகள் முளைக்கும். 2 முதல் 5 செ.மீ. நீளம், அகலம் ஒன்றிரண்டு மி.மீ. மண் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். விதையிலிருந்து வரும் நாற்றில் மட்டும் இலைகள் சில காலம் நின்றிருக்கும்.

எருக்குக்கும் இதற்கும் உறவு உண்டா?

நெருங்கிய உறவு. முன்பு எருக்குக் குடும்பம் என்று தனியாக வைத்திருந்ததை இப்போது அரளிக் குடும்பத்துக்குள் ஒரு துணைக்குடும்பமாகச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே அரளி, நித்தியகல்யாணி, எருக்கு, பாலைவனப் பால்செடி எல்லாம் ஒரே பெருங்குடும்பம். அதற்குள் எருக்கும் இதுவும் ஒரே கிளை. பால், பஞ்சு கட்டிய விதை, ஐந்து மடிப்புள்ள கிரீடம் போன்ற பூ மையம் ஆகிய மூன்றும் இரண்டுக்கும் பொது.

இலையைத் துறந்த உறவு தமிழ்நாட்டிலும் ஒன்று இருக்கிறது. வறண்ட குன்றுகளில் பாறைமேல் படரும் கொடிக்கள்ளி இதே துணைக்குடும்பம்தான். கள்ளி என்று பெயர் இருந்தாலும் அது கள்ளி இனம் அல்ல.

பூ எப்படி அமைந்திருக்கிறது?

தண்டின் நுனியிலும் நுனியை ஒட்டிய கணுக்களிலும் குடை விரித்தது போல் பூங்கொத்துகள் வரும். நிறம் வெளிறிய மஞ்சள், பச்சை சாயலுடன். ஐந்து இதழ்களும் கீழ்நோக்கி மடங்கிவிடும். அவற்றுக்கு மேலே ஐந்து நீண்ட கிண்ணங்கள் நிமிர்ந்து நின்று மகுடம் போலத் தெரியும். தேன் இருப்பது அந்தக் கிண்ணங்களில். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் ஒரு மெல்லிய கொம்பு உண்டு.

புரியவில்லை என்றால் ஒரு எருக்கம்பூவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார் மாலையில் கோக்கும் அதே பூ. நடுவே இருக்கும் ஐந்து முகக் கட்டையில், முகங்களின் விளிம்பில் செங்குத்தாக ஐந்து பிளவுகள். ஒவ்வொரு பிளவின் மேல்முனையிலும் எள்ளை விடச் சிறிய கரும்புள்ளி. மெல்லிய ஊசி நுனியை அந்தப் புள்ளியின் அடியில் கொடுத்து மேலே தூக்கினால், புள்ளியோடு இரண்டு மஞ்சள் தகடுகள் கவட்டை போலத் தொங்கிக்கொண்டு வெளியே வரும். பூவின் மகரந்தம் தூளாக இல்லாமல் அந்தத் தகடுகளில் மெழுகுபோலத் திரண்டிருக்கிறது. பாலைவனப் பால்செடியிலும் இதே ஏற்பாடுதான், அளவு மட்டும் சிறியது.

காட்டில் ஊசியின் வேலையைப் பூச்சியின் கால் செய்கிறது. தேன் குடிக்க வந்த குளவி வழுக்கலான கிண்ணத்தில் நிற்க இடம் தேடும்போது கால்நகம் பிளவுக்குள் சரிகிறது. மேலே இழுக்கும்போது கரும்புள்ளி கவ்விக்கொள்கிறது. வெளியே வந்ததும் தகடுகளைத் தாங்கும் காம்பு காய்ந்து முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய பிறகுதான் அடுத்த பூவின் பிளவுக்குள் தகடு சரியான பக்கமாக நுழையும். அதற்குச் சில நிமிடங்கள் ஆவதால், பூச்சி அதற்குள் வேறு செடிக்குப் போய்விட வாய்ப்பு கூடுகிறது. வலு இல்லாத சிறு பூச்சி சிக்கினால் காலை விடுவிக்க முடியாமல் அங்கேயே சாகும். பூவில் இறந்த பூச்சி தொங்குவதைப் பார்த்து பூவில் நஞ்சு என்று நினைக்க வேண்டாம். பிளவில் மாட்டியதுதான் காரணம்.

கொத்துக்கொத்தாகப் பூக்கிறது. காய் மட்டும் பிடிக்கவே இல்லை. ஏன்?

இந்த இனத்தில் பெரும்பாலான செடிகள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. ஒரே செடி இருந்தால் காய் அரிது. ஒரே தாய்ச்செடியிலிருந்து தண்டு வெட்டி வளர்த்த நான்கு செடிகள் இருந்தாலும் பயனில்லை, அவை நான்கும் ஒரே செடிதான். விதையிலிருந்து வந்த இரண்டு மூன்று செடிகள் வேண்டும்.

அப்படி இருந்தாலும் பூக்களில் சிறு பங்கே காயாகும். தகடு சரியான பிளவில், சரியான திசையில் நுழைந்தால்தான் கரு கட்டும். நுழைந்துவிட்டால் ஒரே தகட்டில் ஒரு காய்க்குத் தேவையான மகரந்தம் முழுவதும் இருக்கிறது. அதனால்தான் காய் பிடித்தால் உள்ளே விதை நிறைந்திருக்கும்.

நர்சரியில் இதேபோல வேறு செடிகளும் இருக்கின்றன. எப்படி அடையாளம் காண்பது?

மூன்றோடு குழம்புகிறார்கள்.

முதலாவது ஆஸ்க்ளெபியாஸ் அல்பிகன்ஸ், வெண்தண்டுப் பால்செடி. பாறைச் சரிவில் வளர்வது. 3 மீட்டர் வரை உயரும். கணுவுக்கு மூன்று இலை அல்லது மூன்று இலைத்தழும்பு இருக்கும்; சுபுலேட்டாவில் இரண்டே. பூவின் கிண்ணமும் குட்டையானது.

இரண்டாவது ஆஸ்க்ளெபியாஸ் இரோசா. இதையும் ஆங்கிலத்தில் பாலைவனப் பால்செடி என்றே விற்கிறார்கள். பெயர்தான் ஒன்று, தோற்றம் வேறு. இதற்கு அகலமான தோல் போன்ற இலை, விளிம்பைப் பூச்சி அரித்தது போல் இருக்கும். குளிர்காலத்தில் தரையோடு மறைந்துவிடும்.

மூன்றாவது கண்டெலியா என்ற மெழுகுச்செடி. குச்சிக் கூட்டமாக, சாம்பல் பச்சையாக, பாலும் வடித்து அப்படியே ஏமாற்றும். ஆனால் அது ஆமணக்குக் குடும்பம். காய் ஆமணக்கங்காய் போல மூன்று அறையாக உருண்டிருக்கும், பஞ்சு இருக்காது. வண்ணத்துப்பூச்சிக்காக வாங்குபவர்கள் இதில்தான் பணத்தை இழக்கிறார்கள். மொனார்க் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு இதைத் தின்னாது. பூவும் காயும் இல்லாத நேரத்தில் வாங்குவதாக இருந்தால் அறிவியல் பெயர் எழுதிய சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

குளிர்நாட்டுப் பால்செடிகளின் விதையை ஈரமணலில் வைத்து வாரக்கணக்கில் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்வார்கள். இதற்கு அது தேவையில்லை. வெப்பம்தான் வேண்டும். மண்ணின் சூடு 24 முதல் 30 டிகிரி வரை இருந்தால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளைக்கும்.

பனி முடிந்த வசந்தத்தில் தொடங்குங்கள். 25 முதல் 30 செ.மீ. ஆழமுள்ள ஒடுங்கிய தொட்டி எடுங்கள். வேர் முதலில் கீழே இறங்கப் பார்க்கும், ஆழமில்லாத தட்டில் அது சுருண்டுகொள்ளும். கலவைக்கு இரண்டு பங்கு பருமணல் அல்லது பெர்லைட், ஒரு பங்கு நாற்றுமண். விதையை அரை செ.மீ. ஆழத்தில் வைத்து மணலால் மூடுங்கள். முளைக்கும் வரை மேல்மண் காயக்கூடாது. நான்கு இலை வந்த பிறகு இரண்டு விரற்கடை ஆழம் காய்ந்த பின்தான் அடுத்த தண்ணீர். நாற்று அடியில் நூலாக மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல்; ஈரம் அதிகம், காற்று போதவில்லை. அந்தத் தொட்டியில் மிஞ்சியவற்றைக் காப்பாற்ற நீரைக் குறைத்து, காலை வெயில் படும் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

விதை சேகரிப்பவர்களுக்கு: காயின் தையலை மெல்ல அழுத்தும்போது தானாகப் பிளந்து, உள்ளே விதை பழுப்பாக இருந்தால் பக்குவம். வெள்ளையாக இருந்தால் முளைக்காது. முற்றும் முன்பே காயின் மேல் வலைப்பை கட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒரே காற்றில் பஞ்சோடு பறந்துவிடும். பஞ்சைப் பிரிக்க, விதைகளைக் காகிதப் பையில் நாலைந்து நாணயங்களோடு போட்டுக் குலுக்கி, மூலையில் சிறு துளையிட்டால் விதை மட்டும் கொட்டும். உலர்ந்த விதையைக் காகித உறையில் குளிர்பெட்டியில் வையுங்கள்.

எந்த மண், எந்த இடம்?

நாள் முழுக்க வெயில் படும் இடம். நிழலில் தண்டு நீண்டு, வலுவிழந்து சாயும், பூக்காது.

மண்ணுக்குச் சத்தை விட வடிகால் முக்கியம். நடும் இடத்தில் 30 செ.மீ. குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வற்றியதும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். 2.5 செ.மீ.க்குக் குறைவாக இறங்கினால் அந்த இடம் சரிவராது. அரிசோனாவின் பல தோட்டங்களில் மண்ணுக்கடியில் காலிச்சி என்ற சுண்ணாம்புக் கெட்டி இருக்கும், நம் ஊர்ச் சுக்கான் போல. கடப்பாரையால் அதை உடைத்து வழி விடுங்கள், அல்லது சரளை கலந்த மண்ணை 30 செ.மீ. மேடாகக் கொட்டி அதன் மேல் நடுங்கள்.

எரு, மண்புழு உரம், யூரியா எதுவும் வேண்டாம். சத்து கூடினால் தண்டு பஞ்சுபோல் வளர்ந்து, சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்க்கும். நட்டபின் வேரைக் கிளறி இடம் மாற்றுவதை இது தாங்காது. முதலிலேயே இடத்தை முடிவு செய்யுங்கள். செடிக்குச் செடி 90 செ.மீ. விடுங்கள்.

எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்?

நட்ட முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு இருமுறை 4 லிட்டர். பிறகு அந்தக் கோடை முழுவதும் வாரம் ஒருமுறை 8 லிட்டர், மெதுவாக, மண்ணில் அரை மீட்டர் ஆழம் வரை இறங்கும்படி. இரண்டாம் ஆண்டிலிருந்து கோடையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். குளிர்காலத்தில் நிறுத்திவிடலாம். மழை பெய்த வாரத்தில் ஊற்ற வேண்டாம்.

பாலைவனத்தில் இது பிழைக்கும் கணக்கைப் பாருங்கள். அரிசோனாவின் யூமா நகரில் ஆண்டு மழை சுமார் 80 மி.மீ., ஃபீனிக்ஸில் 200 மி.மீ.க்கும் குறைவு. சென்னையில் ஏறக்குறைய 1,400 மி.மீ. நம் கை சென்னைக் கணக்கில் பழகிய கை.

தாகத்தையும் அழுகலையும் பிரித்தறிவது எளிது. தாகம் எடுத்த தண்டில் நெடுக்காகச் சுருக்கம் விழும், பச்சை மாறாது, தண்ணீர் ஊற்றினால் சில நாளில் நிரம்பும். அழுகும் செடியில் தண்டு அடியிலிருந்து மஞ்சளாகி, பிறகு கறுத்து, இழுத்தால் கையோடு வரும். தொட்டியில் தானியங்கிச் சொட்டுநீர்க் குழாயில் இணைத்த செடிகளுக்கே இது அதிகம் வருகிறது, பக்கத்துச் செம்பருத்திக்குப் போகும் அளவு இதற்கும் போய்விடுவதால். தனிக் குழாய் போடுங்கள், அல்லது குழாயைக் கழற்றிக் கையால் ஊற்றுங்கள்.

குளிரைத் தாங்குமா?

சுமார் –6 டிகிரி வரை. அதற்கு முன்பே நுனிகள் கருகக்கூடும், வேர் பிழைக்கும்.

எப்போது, எப்படி வெட்டுவது?

கடைசிப் பனி முடிந்தபின், ஆண்டுக்கு ஒருமுறை. தண்டுகளில் பழையதாகப் பார்த்து மூன்றில் ஒரு பங்கைத் தரையோடு வெட்டுங்கள். மற்றதைத் தொட வேண்டாம். வேலி கத்தரிப்பது போல மேலே சமமாக வெட்டினால், வெட்டிய இடத்தில் கிளைத்து விளக்குமாறு போலாகி அழகும் போகும், நுனிப்பூவும் போகும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வெட்டுக்கத்தியில் ஒட்டிய பால் காய்ந்தால் பிசினாகும். ஈரமாக இருக்கும்போதே சோப்பு நீரில் கழுவிவிடுங்கள்.

நுனியில் மஞ்சள் பூச்சி மொய்க்கிறது. மருந்து அடிக்கலாமா?

கால் கறுத்து, உடல் மஞ்சளாக இருந்தால் அது அரளி அசுவினி. தமிழ்நாட்டில் எருக்கின் தளிரிலும் அரளியிலும் மொய்ப்பதும் அதுவே. ஆண் துணையில்லாமலேயே பெண் பூச்சி குஞ்சு போடுவதால் ஒரு வாரத்தில் தண்டு நிறைந்துவிடும். வளர்ந்த செடி அதனால் சாகாது.

பூச்சிக்கொல்லி வேண்டாம். வண்ணத்துப்பூச்சியின் முட்டையோ புழுவோ இல்லாத தண்டாகப் பார்த்து, ஒரு கையால் தாங்கிக்கொண்டு குழாய்நீரைப் பீச்சியடியுங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மூன்று முறை செய்தால் பெரும்பாலும் கட்டுப்படும். பொறிவண்டுகள் வந்துவிட்டால் நீங்கள் ஒதுங்கிக்கொள்ளலாம்.

வாங்கும்போதே நர்சரியில் ஒரு கேள்வி கேளுங்கள்: இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவும் மருந்து போட்டிருக்கிறார்களா? வேரில் ஊற்றிய அந்த மருந்து மாதக்கணக்கில் செடியின் சாற்றில் இருக்கும். வண்ணத்துப்பூச்சிக்கென்று வாங்கிய செடியே புழுவைக் கொன்றுவிடும்.

எந்த வண்ணத்துப்பூச்சிகள் வரும்?

மொனார்க், குயின் இரண்டும். இரண்டின் புழுவும் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரியோடு ஒன்றுபோல் தெரியும். உடலில் நீட்டிக்கொண்டிருக்கும் கரிய இழைகளை எண்ணுங்கள். தலைப்பக்கம் ஒரு சோடி, வால்பக்கம் ஒரு சோடி இருந்தால் மொனார்க். நடுவிலும் ஒரு சோடி இருந்தால் குயின். நம் ஊர் எருக்கிலையில் காணும் வெந்தய வரியன் புழுவுக்கும் மூன்று சோடிதான். மூன்றும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

இலை இல்லாத செடியில் புழு எதைத் தின்னும்? தண்டின் பச்சைத் தோல், மொட்டு, பூ, பிஞ்சுக்காய். ஐந்தாறு பெரிய புழு சேர்ந்தால் சிறு செடியை மொட்டையாக்கிவிடும். ஆகவே ஒரு செடியோடு நிற்காமல் நாலைந்தாக நடுங்கள். தின்னப்பட்ட தண்டில் தழும்பு நிற்கும், செடி மீளும்.

2024 டிசம்பரில் மொனார்க்கை அழிவை எதிர்நோக்கும் உயிரினப் பட்டியலில் சேர்க்க அமெரிக்க அரசு முன்மொழிந்தது. அந்த மண்ணுக்குரிய பால்செடியை நடுவதன் அருமை அதனால் கூடியிருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் சிவப்பு மஞ்சள் பூவுள்ள வெப்பமண்டலப் பால்செடியை விட இதைத் தேடி நடுவது மேல். வெப்பமண்டலப் பால்செடி குளிர் குறைந்த இடங்களில் ஆண்டு முழுக்கத் தழைத்து நிற்பதால், மொனார்க்கைத் தாக்கும் ஒட்டுண்ணியின் வித்துகள் இலைமேல் சேர்ந்துகொண்டே போகின்றன.

பெரிய நீலக்கறுப்புக் குளவிகள் வருகின்றன. ஆபத்தா?

ஆரஞ்சுச் சிறகுள்ள அவை டாரண்டுலா சிலந்தியை வேட்டையாடும் குளவிகள். இந்தப் பூவுக்கு மிகச் சிறந்த மகரந்தத் தூதர்கள். கொட்டினால் வலி மிகக் கடுமையாக இருக்கும், ஆனால் தானாக வந்து கொட்டாது. கையால் பிடிக்காதீர்கள், வெறுங்காலோடு செடியடியில் நடக்காதீர்கள். குழந்தைகள் ஓடியாடும் நடைபாதையை விட்டு இரண்டு மீட்டர் தள்ளி நடுங்கள்.

பால் நஞ்சா?

ஆம். இதயத் துடிப்பைக் குலைக்கும் கார்டினோலைடு வகை நஞ்சுகள் இதில் உண்டு. எருக்கின் அறிவியல் பெயரான கலோட்ரோபிஸிலிருந்து பெயர் பெற்ற கலோட்ரோபின் இதிலும் இருக்கிறது. உயிரணுக்கள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றும் நொதியை இவை முடக்குகின்றன. மொனார்க் புழுவின் நொதி சற்று மாறியிருப்பதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. நஞ்சை உடலில் சேர்த்து வைத்துக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்புகிறது.

தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கண்தான் கவலை. செடியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் முதலில் வலியே இல்லாமல் இருந்துவிட்டு, சில மணி நேரம் கழித்துப் பார்வை மங்கலாம், விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். பால் கருவிழியின் உட்படலத்தைத் தாக்கி வீங்க வைப்பதே காரணம். உடனே 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவி, அன்றே கண் மருத்துவரிடம் போய், இன்ன செடியின் பால் என்று சொல்லுங்கள். ஊர் எருக்கம்பாலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இதில் புற்றுநோய்க்கு எதிரான பொருள்கள் உண்டா என்று மெக்சிகோவில் ஆய்வகத்தில் ஆராய்கிறார்கள். ஆய்வகத்தில் உயிரணுவைக் கொல்வது வேறு, மனிதருக்கு மருந்தாவது வேறு. கஷாயம் வைத்துக் குடிப்பது உயிருக்கு ஆபத்து.

இதிலிருந்து ரப்பர் எடுத்தார்களாமே?

முயன்றார்கள். அமெரிக்க வேளாண்துறை 1935இல் இதை ரப்பர்ப் பயிராகப் பரிசீலித்து அறிக்கை வெளியிட்டது. பாலில் ரப்பர் இருப்பது உண்மை. ஆனால் ரப்பர் மரத்தைக் கீறினால் கோப்பையில் வடிவது போல இதில் வடியாது. தண்டை அறுத்து, அரைத்துப் பிரிக்க வேண்டும். பயிராக நிலைக்கவில்லை.

தமிழ்நாட்டில் வளர்க்கலாமா?

எங்கள் ஆலோசனை, வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் ஒரு வாரம் நிற்கும் ஈரமே இதன் வேருக்குக் கேடு. மொனார்க் இங்கே இல்லை. வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவர இந்தியத் தாவரத் தொற்றுத்தடுப்பு விதிகளின்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். தபாலில் ஒரு பொட்டலம் வரவழைப்பது விதிமீறல்.

வண்ணத்துப்பூச்சிக்காகத்தான் என்றால் வேலியோரம் தானாக முளைத்த எருக்கை வெட்டாமல் விடுங்கள். வெந்தய வரியன் இலையின் அடியில் முட்டையிடும். குண்டூசித் தலையை விடச் சிறியதாக, வெள்ளையாக, ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கும். தளிரிலைகளைத் திருப்பிப் பாருங்கள்.